விளக்குப் பெட்டியும் இடைக்கரைத் தடிப்பாலமும்

இடைக்கரை,
கொல்லம் ஆண்டு 1129 கார்த்திகை 25

மெம்பர் கொழுந்தனார் குலசேகரன் அவர்களுக்கு மைனி அழகியநாயகி எழுதுவது.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் வக்கீல், எத்தனையோ குற்றவாளிகளைப் பார்த்தவர், அதனால் கோபிக்க மாட்டீர்கள். போன எலெக்ஷனில் நான் உங்களுக்கு ஓட்டுப் போடவில்லை.

வேண்டுமென்று அல்ல. திரைக்குப் பின்னால் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் அவரவர் சின்னம். உங்கள் சைக்கிளைத் தேடித்தான் போனேன். தனியாக உள்ளே நின்றதும் எல்லாப் பெட்டியும் ஒன்றுபோலத் தெரிந்தது, முன்னால் இருந்த பெட்டிக்குள் சீட்டைத் தள்ளிவிட்டு வெளியே ஓடி வந்தேன். வந்த பிறகுதான் அது குடைப் பெட்டி என்று உறைத்தது. இடைக்கரையில் அந்தக் குடைக்காரருக்கு விழுந்தது மொத்தம் ஒரே ஓட்டு. "எந்தத் துரோகிடா அது?" என்று ஊரே ஒரு மாதம் தேடியது. நானும் கூடச் சேர்ந்து தேடினேன். பாவம், மேலத்தெரு தங்கப்பனைத்தான் எல்லாரும் சந்தேகப்பட்டார்கள். இன்றைக்கும் அவனைக் கண்டால் குடை எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், அசெம்பிளியைக் கலைத்துவிட்டார்கள், மாசியில் மறுபடியும் ஓட்டு, நீங்களும் மறுபடியும் நிற்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் கிளாஸ் வரை போன எனக்கே அந்தக் கதி. எழுத்தே அறியாத பெண்கள் இங்கே எத்தனை பேர்! ஒரு மாதிரிப் பெட்டியோடு நீங்களே ஒரு நாள் வந்து, சீட்டை எப்படிப் போடவேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வந்தால் இன்னொன்றையும் பார்க்கலாம். பாலத்துக்கு நீங்கள் நாட்டின அஸ்திவாரக் கல் பத்திரமாக இருக்கிறது. பாலம்தான் வரவில்லை, கல் சும்மா கிடக்கவேண்டாம் என்று பெண்கள் அதில் துணி துவைக்கிறார்கள். உங்கள் பெயர் வெட்டின பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் அழுக்கு நன்றாகப் போகிறது.

உங்கள் அண்ணன் ஐப்பசி மழையில், பாலத்துக்குப் பதிலாக ஆற்றின் குறுக்கே போட்டிருக்கும் அந்தத் தென்னந்தடியில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து கிடப்பது உங்களுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். நான் கேட்பது அந்தப் பாலம் ஒன்றுதான். நாகர்கோவிலிலிருந்து இங்கே ஏழு மைல்தான் தூரம்.

மெம்பர் ஆன பிறகு உங்களை நீ என்று எழுதக் கை கூசுகிறது. அதனால்தான் இந்த நீங்கள் எல்லாம்.

அழகியநாயகி

*

நாகர்கோவில்,
18-12-1953

அன்புள்ள மைனிக்கு,

கடிதம் கிடைத்தது. குடை விஷயத்தைப் படித்துச் சிரித்தேன். ஆனால் அதை வெளியே சொல்லவேண்டாம். வேட்பாளனின் சொந்தக் குடும்பத்திலேயே ஓட்டு மாறியது என்று தெரிந்தால் எதிர்க்கட்சிக்காரர்களுக்கு அது பெரிய ஆயுதம்.

அண்ணன் விழுந்த செய்தி எனக்குக் கிடைத்தது. உடனே புறப்படத்தான் இருந்தேன். கோர்ட்டில் ஒரு கொலைக் கேஸ், பிறகு கட்சி வேலை, பிறகு வேட்பு மனு. என் நிலைமையை அண்ணன் அறிவார்.

பாலம் பற்றி: கோப்பு மராமத்து இலாகாவில் பரிசீலனையில் உள்ளது. சர்க்கார் காரியங்கள் படிப்படியாகத்தான் நடக்கும். இப்போது சபையே இல்லாத நிலையில் எதையும் அவசரப்படுத்த முடியாது. நான் திரும்பவும் சபைக்குப் போனால்தான் அந்தக் கோப்பைத் தேடி எடுக்க ஒரு ஆள் இருக்கும் என்பதை ஊரார்க்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த முறை போட்டி கடுமை. இடைக்கரையில் பெண்கள் ஓட்டு மட்டும் இருநூறுக்கு மேல் இருக்கிறது. அவர்கள் உங்கள் சொல்லைத் தட்டமாட்டார்கள். சைக்கிள் வேறொருவருக்குப் போய்விட்டது. எனக்குக் குத்துவிளக்குச் சின்னம் கிடைத்திருக்கிறது. நானே கேட்டு வாங்கினேன். பெண்கள் கண்டதும் கையெடுத்துக் கும்பிடும் பொருள் அல்லவா! இதைவிட நல்ல சின்னம் அமையாது.

ஜனவரி 3, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மாதிரிப் பெட்டியுடன் நானே வருகிறேன். பெண்களைப் பள்ளிக்கூடத்தில் கூட்டி வையுங்கள்.

தங்கள்,
குலசேகரன்

*

இடைக்கரை,
1129 மார்கழி 22

குலசேகரா,

இனி நீ என்றே எழுதுகிறேன். இப்போது கை கூசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே பெண்கள் வந்துவிட்டார்கள். கீழத்தெரு உலகம்மை, எழுபது வயசுக்காரி, கொழுந்தியாள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அடுத்த வீட்டுத் தாணம்மாள் ஆட்டைக் கூட அவிழ்த்துக் கட்டாமல் கையோடு இழுத்து வந்தாள். உனக்குப் பிடிக்குமே என்று முந்திரிக்கொத்து பொரித்து வைத்திருந்தேன். உன் அண்ணன் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார்.

பள்ளிக்கூட முற்றத்திலிருந்து அக்கரை நன்றாகத் தெரியும் என்பதை நீ மறந்துவிட்டாய். கறுப்புக் கார் வந்து நின்றதை நாங்கள் பார்த்தோம். நீ இறங்கியதைப் பார்த்தோம். உன் குமாஸ்தா ரசலையன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். நீ தடியில் ஒரு காலை வைத்தாய். எடுத்தாய். கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். நாங்கள் எல்லாரும் கையை ஆட்டினோம். பிறகு கார் போய்விட்டது.

தாணம்மாள் சும்மா இருப்பாளா? "மைனி, உங்க கொழுந்தனாரு ஆத்துக்கு ஆழம் பாத்துட்டுப் போயிட்டாரு. இனி கோட்டாத்துச் சந்தையில போய் அளவு சொல்லிப் பாலம் வாங்கிட்டு வருவாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முந்திரிக்கொத்தை அவர்களே தின்றுவிட்டார்கள். நன்றாக இருந்தது என்று சொன்னார்கள்.

உன் அண்ணன் மட்டும், "வந்தானா?" என்று கேட்டார். வழியில் கார் பழுது என்று சொன்னேன். அந்தக் காரும் ஜன்னலுக்கு நேரேதான் நின்றது.

சிரிப்பு அதோடு தீர்ந்தது. நேற்று ஒரு ஓவர்சியர் சங்கிலியும் கொடியுமாக ஆற்றங்கரைக்கு வந்தார். பாலத்துக்கு அளக்க வந்திருக்கிறார் என்று நானே ஓடிப்போய் மோர் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, "அம்மா, பாலம் இங்கே இல்லை. மூன்று மைல் கீழே பகவதியப்பன் முதலாளி அரிசி மில்லுக்கு எதிரே. மெம்பர் கையெழுத்துப் போட்டு இடத்தை மாற்றிப் போன ஆவணியிலேயே உத்தரவு ஆயிற்றே" என்றார்.

ஆவணியில் மாற்றியிருக்கிறாய். உன் அண்ணன் ஐப்பசியில் விழுந்தார். மார்கழியில் எனக்குப் பரிசீலனை என்று எழுதுகிறாய். நீ வந்து திரும்பின அந்தக் கறுப்புக் கார் யாருடையது என்று ஓவர்சியரிடம் கேட்டேன். மில் முதலாளியுடையது என்றார்.

இந்தத் தடியும் நம் கரையில் பள்ளிக்கூடமும் இல்லாத காலத்தில் உன்னை யார் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது? ஆற்றில் வெள்ளம் என்றால் உன்னைத் தோளிலும் உன் புத்தகத்தைத் தலையிலும் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் போவார். நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் என் கண்ணால் கண்டது. இப்போது அவரை மூத்திரம் பெய்ய நான் தூக்குகிறேன்.

அழகியநாயகி

*

நாகர்கோவில்,
11-1-1954

மைனிக்கு,

உங்கள் கடிதத்தின் தொனி எனக்கு வருத்தம் தந்தது. கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல்கூட என்னிடம் இப்படிப் பேசியது கிடையாது.

உண்மையை ஒப்புக்கொள்கிறேன். இடத்தை மாற்ற நான் கடிதம் கொடுத்தேன். காரணத்தையும் கேளுங்கள். மில்லைச் சுற்றி அறுநூறு ஓட்டு. இடைக்கரையில் ஆணும் பெண்ணுமாக நானூறு. இந்த நானூறும் எப்படியும் எனக்குத்தான், ஏனென்றால் அது என் ஊர். அந்த அறுநூறை நான் சம்பாதிக்கவேண்டியிருந்தது. இது துரோகம் அல்ல, கணக்கு. ஒருவன் சபையில் இருந்தால்தான் ஊருக்கு எதுவும் செய்யமுடியும். இருப்பதற்குச் செய்யவேண்டியதைச் செய்தேன். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் இடைக்கரைக்குத் தனியாக ஒரு பாலம். இது என் வாக்கு.

அன்று திரும்பிப் போனதற்கும் காரணம் உண்டு. தடி ஆடியது. எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் எனக்குப் பின்னாலேயே சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். வேட்பாளன் ஆற்றில் விழுந்தான் என்றால் மறுநாள் தொகுதி முழுவதும் அதுதான் பேச்சு. அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால்...

அது போகட்டும். மாதிரிப் பெட்டியைப் பற்றி இவ்வளவு பெரிதுபடுத்தவேண்டாம். திரைக்குள் போகவேண்டும், விளக்கைப் பார்க்கவேண்டும், சீட்டைக் கொடுக்கவேண்டும். விளக்கைக் கண்டால் ஓட்டு. இவ்வளவுதான். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பெட்டியும் வேண்டாம், நானும் வேண்டாம். உங்கள் வாய் போதும். அது போதாது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

குலசேகரன்

*

இடைக்கரை,
1129 தை 20

குலசேகரா,

கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். கணக்கு என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு, "செரி, அவன் எனக்கத் தம்பியாக்கும். பெண்டுகளக் கூட்டிட்டுப் போ" என்றார். எனக்கு அவர் மேலேயும் கோபம் வந்தது. ஆனால் படுத்துக் கிடப்பவரிடம் எத்தனை சண்டை போடுவது?

வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். நீ எழுதினபடியே, ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ இல்லை. திரைக்குள் போகவேண்டும், விளக்கைப் பார்க்கவேண்டும், சீட்டைக் கொடுக்கவேண்டும். விளக்கைக் கண்டால் ஓட்டு. எங்கே கொடுக்கவேண்டும் என்று உலகம்மை கேட்டாள். பெட்டியில் என்றேன். பெட்டி எப்படி இருக்கும் என்றாள். நான் குடைக்கு ஓட்டுப் போட்டவள், எனக்கு என்ன தெரியும்? கண்ணால் ஒரு தடவை காட்டினால் புரியும், வாயால் சொல்லிப் புரியவைக்க எனக்கு வரவில்லை. ரசலையனிடமாவது பெட்டியைக் கொடுத்தனுப்பு. அவர் தடியில் நடப்பார்.

நாள் இருக்கிறது.

அழகியநாயகி

*

நாகர்கோவில்,
22-2-1954

மைனிக்கு,

முப்பத்தொரு ஓட்டில் தோற்றேன்.

இது செய்தியாக உங்களுக்கு எப்போதோ வந்திருக்கும். வராத ஒன்றை நான் சொல்கிறேன். இடைக்கரைச் சாவடியில் ஓட்டு முடிந்து அதிகாரி திரையை விலக்கியபோது, என் விளக்குப் பெட்டியின் மேலே நாற்பத்தேழு சீட்டுகள் இருந்தனவாம். உள்ளே அல்ல, மேலே. அடுக்காக. சீட்டுகளைச் சுற்றி நான்கு செம்பருத்திப் பூ, ஒரு கட்டி சூடம். நல்ல வேளை, யாரும் கொளுத்தவில்லை. பெட்டிக்கு வெளியே கிடந்த சீட்டு எதுவும் செல்லாது என்பது சட்டம். நாற்பத்தேழையும் தனி உறையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார்கள். முப்பத்தொன்றில் தோற்ற நான் அந்த உறையைக் கண்ணால் பார்த்தேன்.

உங்களைக் கேட்கிறேன். நாற்பத்தேழு பெண்கள் ஒரே மாதிரித் தவறு செய்வார்களா? சொல்லிக்கொடுக்காமல் நடக்குமா? பாலத்துக்குப் பழி வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் கேலி விளையாட்டு என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அதற்குள் இவ்வளவு விஷம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

பகவதியப்பன் முதலாளி நேற்றுப் புது மெம்பருக்கு மாலை போட்டார். அதே காரில் அழைத்துப் போனார்.

குலசேகரன்

*

இடைக்கரை,
1129 மாசி 14

குலசேகரா,

உன்னைத் தோற்கடிக்க நினைத்திருந்தால் எனக்குச் சுலபமான வழி தெரியும். போன தடவை அறியாமல் செய்ததை இந்தத் தடவை அறிந்து செய்திருப்பேன். என் ஓட்டு உனக்குத்தான் விழுந்தது. பெட்டியின் வாயில் விரலை விட்டுத் தள்ளினேன், நகம்கூட மடங்கிற்று. உன் அண்ணனை நாற்காலியோடு தூக்கிப் போனோம். அவர் ஓட்டும் உள்ளேதான்.

நடந்ததைக் கேள். காலையில் வரிசையில் முதல் ஆள் நான். போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு அடுத்து உலகம்மை. உள்ளே போனவளைக் காணோம் காணோம் என்று பார்த்தோம். அதிகாரி, "அம்மா, முடிந்ததா?" என்று கூப்பிட்டார். "நில்லும், கும்பிட்டுட்டு வாறேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சீட்டை விளக்குப் படத்துக்கு மேலே வைத்துவிட்டு, மடியில் கொண்டுபோன பூவையும் வைத்து, விழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள். அடுத்துப் போனவள் சீட்டும் பூவும் இருப்பதைப் பார்த்து, முறை இதுதான் என்று தானும் வைத்தாள். அதற்கடுத்தவள் இரண்டைப் பார்த்தாள். திரைக்குள் ஒருத்தருக்கு மேல் விடமாட்டார்கள். வெளியே நிற்கும் எனக்கு எப்படித் தெரியும்?

மற்றப் பெண்கள் தப்பினதற்குக் காரணம், மத்தியானம் வாத்தியார் மனைவி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, வெளியே வந்து துவாரத்தில் போடுங்கள் என்று கத்தினாள். அதற்கு அவளை அதிகாரி ஏசினார்.

சாயங்காலம் நான் தாணம்மாளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, பெட்டியில ஓட்டை இருந்துதே, நீ காணலியா?"

"கண்டேன் மைனி. எலிப்பொந்து மாதிரி இருந்து. விளக்குக்க முன்னால வைக்கத விட்டுட்டு பொந்துக்குள்ளயா திணிப்பாவ? சாமி குத்தம் ஆகாதா?"

அவர்களுக்குப் பிறந்த நாள் முதல் விளக்குக்கு முன்னால் எதையும் வைத்துத்தான் பழக்கம். நீ கேட்டு வாங்கின சின்னம். கண்டதும் கும்பிடுவார்கள் என்று நீயே எழுதினாய். கும்பிட்டார்கள். பெட்டியோடு வா என்று கார்த்திகையில் எழுதினேன். ரசலையனையாவது அனுப்பு என்று தையில் எழுதினேன். தடியில் வைத்த காலை எடுக்காமல் இன்னும் இருபது அடி நடந்திருந்தால் நீ இன்றைக்கு மெம்பர். பாலம் இருந்திருந்தால் காரிலேயே வந்திருப்பாய்.

துணி துவைத்துத் துவைத்து உன் கல்லில் எம்.எல்.ஏ. என்ற எழுத்து தேய்ந்துவிட்டது. எலெக்ஷனுக்கு முன்னாலேயே தேய்ந்தது, நான்தான் எழுதவில்லை. குலசேகரன் என்பது இன்னும் தெரிகிறது.

நீ தோற்ற செய்தி கேட்டு உன் அண்ணன் அழுதார். இடுப்பு ஒடிந்தபோது அழாதவர்.

அழகியநாயகி

*

நாகர்கோவில்,
5-3-1954

அன்புள்ள மைனிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். போன கடிதத்தில் எழுதிய ஒரு சொல்லை நான் எழுதியிருக்கக்கூடாது. எது என்று உங்களுக்குத் தெரியும்.

தேர்தல் செல்லாது என்று வழக்குப் போட இருக்கிறேன். அந்த நாற்பத்தேழு பேரும், "நாங்கள் விளக்குக்குத்தான் ஓட்டளித்தோம்" என்று வாக்குமூலம் கொடுத்தால் ஒரு வழி இருக்கிறது. மனுக் கொடுக்கக் கடைசி நாள் இந்த மாதம் பதினெட்டு. வாக்குமூலங்களை எழுதி ரசலையனிடம் கொடுத்தனுப்புகிறேன். யார் யார் என்று உங்களுக்குத்தான் தெரியும். பெருவிரல் ரேகை மட்டும் போதும். கோர்ட்டில் ஜெயித்தால் என் முதல் வேலை இடைக்கரைப் பாலம்.

நானே வரலாம் என்றிருந்தேன். அண்ணன் முகத்தில் விழிக்க இன்னும் தைரியம் வரவில்லை. அவர் எப்படி இருக்கிறார்?

குலசேகரன்

*

இடைக்கரை,
1129 பங்குனி 3

வக்கீல் கொழுந்தனார் குலசேகரன் அவர்களுக்கு மைனி எழுதுவது.

உங்கள் அண்ணன் இப்போது ஊன்றுகோல் பிடித்து வாசல் வரை நடக்கிறார். ஆற்றங்கரைக்குப் போவதில்லை. கட்டிலை மறுபடியும் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார்.

கெடு முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, நேற்றுக் காலை ரசலையன் வந்தார். நல்ல மனுஷர், தடியில் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. பெண்களைக் கூட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். "இதுல விரல வச்சா பாலம் வருமா?" என்று தாணம்மாள் கேட்டாள். "வரும்னு ஐயா சொல்லச் சொன்னாரு" என்றார். பெண்கள் வெகுநேரம் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நாற்பத்தேழு பேரும் ரேகை வைத்தார்கள். உலகம்மைக்கு ரேகை தேய்ந்து போயிருந்தது. மூன்று தடவை வைத்துப் பார்த்தோம்.

ரசலையன் மத்தியானம் இங்கே சாப்பிட்டார். நாலு மணிக்குக் காகிதங்களைத் தோல் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். தடியில் பாதி தூரம் போனதும், எங்களுக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டது நினைவு வந்து திரும்பிக் கும்பிட்டார். இரண்டு கையாலும் கும்பிட்டார்.

இடுப்பளவு தண்ணீர்தான். அவர் எழுந்து நின்றுகொண்டார். பை போய்விட்டது. மூன்று மைல் கீழே அரிசி மில் துறையில், புதுப் பாலத்துக்கு நட்டிருக்கும் கம்பில் மாட்டி நின்றதாம். வேலைக்காரர்கள் எடுத்துத் திறந்து பார்த்தார்களாம். மை எல்லாம் கரைந்து, காகிதம் கூழாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். பை நல்ல பை, உலர்த்தி வைத்திருக்கிறார்களாம்.

விழுந்த வேகத்தில் ஒரே ஒரு காகிதம் மட்டும் பையிலிருந்து நழுவி நம் கரையில் ஒதுங்கியது. தாணம்மாளுடைய வாக்குமூலம். ரேகைகூட அழியவில்லை. உங்கள் அஸ்திவாரக் கல்லின் மேல் விரித்து, காற்றில் பறக்காமலிருக்க ஒரு கூழாங்கல்லும் வைத்து, ரசலையனுக்குத் தலை துவட்டத் துவர்த்து எடுக்க வீட்டுக்குள் போனேன்.

திரும்பி வருவதற்குள் அதைத் தாணம்மாளின் ஆடு தின்றுவிட்டது. கூழாங்கல் அங்கேயே இருக்கிறது.

அழகியநாயகி